மொட்டைமாடியில் காயும் முதுகெலும்புகள்

கையில் ஈரத்துணி, மடியில் யாரோ ஒருவருடைய முதுகெலும்பு. ஒன்றைத் துடைத்து வைத்துவிட்டு நாலு வரி எழுதுகிறேன், மறுபடி துடைக்கிறேன். எலும்பு துடைக்கிற வேலையில் ஒரு சௌகரியம், எதிராளி பதில் பேசமாட்டார். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற என்னைப் போன்றவளுக்கு ஏற்ற உத்தியோகம்.

புத்தூரில் எங்கள் டாக்டருக்குக் கீழ்த்தளத்தில் ஆஸ்பத்திரி, மாடியில் ஆராய்ச்சி. முதுகெலும்புக்குள் நரம்பு ஓடுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது, யாருக்கு அது குறுகல் என்று அளந்து பார்க்கிறார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியிலிருந்து பெட்டியில் வரும் எலும்புகளைச் சோடா உப்புப் போட்டு அலசி, காய வைத்து, கோத்து வைப்பது என் வேலை.

இன்றைக்குக் கீழே அதே டாக்டர் என் வீட்டுக்காரரின் முதுகைத் திறந்திருக்கிறார். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். இடது கால் மரத்துப்போய், பாதம் தொங்கிவிட்டது. கால் திரும்புமா என்பது அவர் கண் விழித்த பிறகுதான் தெரியுமாம். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்து பழகினவர்களே, அந்தப் பெஞ்சின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் மாடிக்கு வந்துவிட்டேன்.

மாலை

கல்யாணத்துக்கு முன் ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டின கை இது. முதல் நாள் டாக்டர் ஒரு கூடை எலும்பைக் கொடுத்து, "எல்லாம் ஒரே ஆளோடதும்மா, வரிசையாக் கோத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனார். வரிசை என்றால் எனக்குத் தெரிந்த வரிசைதான். இரண்டு ஓரத்திலும் சின்னது, போகப் போகப் பெரியது, நட்டநடுவில் எல்லாவற்றிலும் பெரியது. முனைகளை முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினேன். பார்க்க நன்றாகவே இருந்தது.

டாக்டர் வந்தார். கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கும்மா. ஆனா இந்த ஆளுக்குத் தலையை எந்தப் பக்கம் வைக்கறது?"

செருப்புக் கடை

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒன்று உண்டு. காய்ந்த எலும்பில் அது இருக்காது. அதற்குப் பதிலாக ரப்பர் வட்டம் வெட்டி வாங்கிவரச் சொன்னார் டாக்டர். மலைக்கோட்டைக் கடைத்தெருவில் செருப்புத் தைக்கிற பாய் ஒருவர் இருந்தார். "என்ன அளவும்மா?" என்றார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த எலும்பை அவிழ்த்துப் பலகைமேல் வைத்தேன்.

"ஆடா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். "மாடா?" அதற்கும் தலையாட்டினேன். விரல் படாமல் ஒரு தோல்வாரைச் சுற்றி அளவெடுத்து, ஒரே சீராக வெட்டிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். நான் படியிறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"எல்லாரும் காலோட அளவைக் கொண்டு வருவாங்க. நீ ஆளையே கொண்டாந்துட்டியேம்மா."

காக்காய்

காயப்போட்ட எலும்புக்குக் காவல் இருப்பதும் என் வேலையில் சேர்த்தி. ஒரு நாள் கூட வந்திருந்த என் பெண் தண்ணீர் கேட்டாளென்று கீழே போய்விட்டு வருவதற்குள் காக்காய் ஒன்று கழுத்தெலும்பைக் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போனதுதான் மிச்சம், பக்கத்து வீட்டு மாடியில் மாமி பிழிந்திருந்த வடாம்மேல் போட்டுவிட்டது.

மாமி இடுக்கியில் அதைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மாமி எலும்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"வடாம் போனாப் போறது, நாளைக்கு வேற பிழிஞ்சுக்கறேன். இது ஒண்ணு குறைஞ்சா அந்த மனுஷனுக்குக் கழுத்து நிக்குமோ, அதை முதல்ல பாரு."

வீட்டுக்காரர்

ஆபரேஷன் என்று பேச்செடுத்தாலே, "அந்த மாடியிலே எனக்கும் ஒரு ஆணி அடிச்சு வெச்சிருக்கியா?" என்பார். டாக்டர் சொல்லியனுப்பினால் காது கேட்காது. கால் மட்டும் நாளுக்கு நாள் இழுத்துக்கொண்டே வந்தது.

ஒரு சாயங்காலம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு காவிரிக்கரைக்குப் போய்விட்டு வந்தார். வாசலில் பெண் அவருடைய இடது செருப்பை நீட்டி, "அப்பா, இது உனக்கு வேண்டாமா?" என்றாள். வழியிலேயே கழன்று விழுந்திருக்கிறது, காலுக்குத் தெரியவில்லை. மண்ணான பாதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் நான் புறப்பட்டபோது, என்னோடு அவரும் பஸ் ஏறினார்.

டாக்டர் நான் கோத்த முதுகெலும்பையே எடுத்து, ஒரு ரப்பர் வட்டத்தைப் பின்பக்கம் பிதுக்கிக் காட்டினார். "இங்கதான் நரம்பு நசுங்குது. இந்தத் துண்டை மட்டும் எடுத்துடுவேன். கால் பழையபடி வரும்னு சத்தியம் பண்ண முடியாது. விட்டா இன்னும் மோசமாகும்." வீட்டுக்காரர் ரப்பரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிங்க, எடுங்க. எடுத்த துண்டை மட்டும் இவ கையிலே குடுத்துடாதீங்க. சோடா போட்டு அலசிக் காய வெச்சுடுவா."

மாடிப்படி

நர்ஸம்மா மாடிப்படியில் நின்று கத்துகிறாள்.

"தனம், துணியைப் போட்டுட்டு ஓடி வா! உன் வீட்டுக்காரர் முழிச்சுட்டார். இடது கால் கட்டைவிரலைத் தூக்கறதை நான் கண்ணால பாத்தேன். டாக்டர் தூக்கச் சொன்னா மாட்டேங்கறார். 'முதல்ல அவ வந்து பாக்கட்டும், அப்புறம்தான் உங்களுக்கு'ங்கறார்!"

ஓட வேண்டும், மன்னிக்கவும். இந்தத் தொழிலில் நான் கண்டதை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறேன்: எலும்பு வைத்த இடத்தில் இருக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும், அதன்மேல் சதையும் பிடிவாதமுமாக ஒரு ஆள் வந்து சேர்ந்துவிட்டால்தான்... மீதியை வந்து எழுதுகிறேன், அவர் காத்திருக்கிறார்.