மூன்று ஷிப்டில் தைத்த போர்வைகள்

பணி ஓய்வு பெற்ற பின் நான் ஒரே காலத்தில் மூன்று ஒட்டுப்போர்வைகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். அவற்றில் எதை எந்த வாரம் கையில் எடுப்பது என்பதை என் விருப்பம் தீர்மானிக்கவில்லை. துணியின் இருப்பும் தீர்மானிக்கவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தவருக்கு அந்த வாரம் எந்த ஷிப்ட் என்பதே தீர்மானித்தது.

ஏற்றுமதி உடை தைக்கும் கம்பெனிகள் வெட்டிக் கழித்த துண்டுத் துணி ஓசூரில் கிலோக் கணக்கில் கிடைக்கும். அதைச் சதுரமாக நறுக்கி, ஒன்றோடொன்று இணைத்து மேல்துணி ஆக்க வேண்டும். நடுவில் பழைய கம்பளியும் அடியில் பழைய சேலையும் விரித்து, மூன்றும் நகராதபடி ஊடே தைத்து, ஓரத்துக்குப் பட்டி கட்டினால் போர்வை நிறைவுறும். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் இதைப் 'பொந்த' என்று மரியாதையாகச் சொல்வார். எங்கள் வீட்டில் இதற்குக் குப்பை என்று பெயர். அப்பெயரை இட்டவர் என் மனைவி. தையல் மிஷினும் அவருடையதே. திருமணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அதில் அவர் தலையணை உறைக்கு மேல் எதையும் தைத்ததில்லை என்பதை நான் ஒருமுறை சுட்டிக்காட்டினேன். மறுமுறை சுட்டிக்காட்டவில்லை.

நான் வார்ப்பட ஆலை ஒன்றில் ஷிப்ட் ஊழியனாகவே இருந்து ஓய்வு பெற்றவன். பகலில் உறங்குபவனின் துன்பத்தை அனுபவத்தால் அறிந்தவன். ஆகவே, மாடிக்குத் தென்காசிப் பக்கத்து இளம் தம்பதியர் குடிவந்து, கணவருக்கு இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் வேலை என்று அறிந்த அன்றே என் தையலை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். மிஷின் இருக்கும் இடம் அவர் தலைக்கு நேர் கீழே.

அவருக்கு முதல் ஷிப்ட் என்றால் விடியுமுன் கிளம்பிவிடுவார். அந்த வாரம் மிஷின் ஓடும். கட்டம் போட்ட சட்டைத் துணிகளில், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகளுக்கான இரட்டைக் கட்டில் போர்வை அப்போது வளரும். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அவர் முற்பகல் வரை படுத்திருப்பார். ஆகவே நறுக்குவதும் இஸ்திரி போடுவதும் மட்டும் நடக்கும். அது என் பழைய நீலச் சீருடைகளில் செய்யும் போர்வை. நைட் ஷிப்ட் வாரத்தில் கைத்தையல். என் மனைவியின் நைந்த நூல் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஊசியால் ஓட்டுத்தையல் போடுவேன். ஊசிக்குச் சத்தமில்லை. எஞ்சியது என் இருமல். அதைக் கொல்லைப்பக்கம் சென்று இருமினேன்.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு போர்வையும் ஒரு வாரம் வளர்ந்து இரண்டு வாரம் ஓய்வெடுத்தது. மூன்றும் முன்னேறின, ஒன்றும் முடியவில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் மிஸ்டு கால் கொடுப்பாள். நான் திருப்பி அழைத்தால் முதல் கேள்வி போர்வையைப் பற்றியதாக இருக்கும்.

"அப்பா, குளிர் வர்றதுக்குள்ள கொடுத்துருவீங்களா?"

"எந்தக் குளிர்?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வேன்.

மாடிக்காரர் அப்போது பயிற்சியில் இருந்தவர். பொங்கலுக்கு முன் அவரை நிரந்தரம் செய்வார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் ஒரு மாலை, தண்ணீர்த் தொட்டியருகே அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது, உள்ளே ஊசி கோத்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது.

"நைட்ல மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டே கண்ண மூடிட்டாகளாம் அம்மா. சூப்பர்வைசர் பாத்துட்டாரு. இன்னொரு தடவைன்னா கேட்டுக்கு வெளியன்னு சொல்லிட்டாராம்."

"அய்யே, பிரஸ்ஸுல வெரலு போயிருமேம்மா."

"வேல போனா சந்தோசப்படுத அளவுக்கு, வெரலு போனாக்கூட எங்கப்பா சந்தோசப்பட மாட்டாக. இவுக ஊருக்கு வந்து எங்க மளிகக் கடையில ஒக்காரணும்னு அப்பா காத்துக்கிட்டு இருக்காக. கல்லாவுலகூட இல்ல. பொட்டலம் மடிக்கதுக்கு."

மறுநாள் படியிறங்கிய மாடிக்காரரை நிறுத்தி விசாரித்தேன். தூக்கம் வருவதில்லையா என்று கேட்டேன்.

"வராம இல்ல ஐயா. வருது. கம்பெனியில வருது," என்றார். "இங்க வந்து படுத்தா முழிச்சுக்குது."

காரணங்களை ஆராய்ந்தேன். முதலாவது யானை. அவருடைய கம்பெனி உத்தனப்பள்ளிக்கு அருகே இருந்தது. சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் ரோட்டைக் கடந்தால் கம்பெனி பஸ் நின்றுவிடும். அவருடைய உறக்கத்தில் ஒரு பகுதி அங்கேயே செலவாகிவிடும். இதில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. இரண்டாவது, ராயக்கோட்டையிலிருந்து தக்காளி கொண்டுவரும் சின்ன டெம்போ. அதன் ஒலிபெருக்கி சரியாக அவர் கண்ணயரும் வேளையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று கூவும். வாசலுக்குச் சென்று டெம்போக்காரரிடம் பேசினேன்.

"இந்த ஒரு தெருவுல மட்டும் மைக்க ஆஃப் பண்ணிட்டுப் போப்பா. மேல ஆளு தூங்கறாரு."

"பகல்ல தூங்கறவருக்கு நான் இன்னா பண்ணட்டும் பெரியவரே? மைக் இல்லாட்டி ஏவாரம் போவுமே."

"போற ஏவாரத்த நான் வாங்கிக்கறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டெய்லியா?"

"நைட் ஷிப்ட் வாரத்துல மட்டும்."

இவ்வாறு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. டெம்போ எங்கள் தெருவில் ஊமையாக வந்து, ஊமையாகத் தக்காளி கொடுத்து, முனை திரும்பியதும் மீண்டும் பேசத் தொடங்கும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இலையின் முன் அமர்ந்த என்னிடம் என் மனைவி விளக்கம் கேட்டார்.

"இன்னாங்க, இன்னிக்கும் தக்காளியா? சாம்பார்ல பருப்பு எங்கன்னு தேட வேண்டியிருக்குது. அந்தப் பையன் தூங்கறானோ இல்லியோ, எனக்கு நெஞ்செரிச்சலு வந்துருச்சு."

அந்தப் பையன் தூங்கவில்லை. மூன்றாவது காரணம் அப்போதுதான் புலப்பட்டது. மாடி அறையின் பெரிய ஜன்னல் கிழக்குப் பார்த்தது. அவர் வந்து படுக்கும் நேரத்தில் வெயிலும் வந்து அவருடன் படுத்தது. கதவுகள் கண்ணாடியால் ஆனவை. அவர்கள் மாட்டியிருந்த பூப்போட்ட திரை வெயிலைத் தடுக்கவில்லை. சிவப்பாக்கி உள்ளே அனுப்பியது. கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டிப் பார்த்தார்களாம். வெளிச்சம் பட்டு எழுத்துகள் தெளிவாகத் தெரிந்ததால், படுத்தபடி வரிவிளம்பரங்களைப் படித்துக்கொண்டிருந்ததாக மாடிக்காரர் தெரிவித்தார். சூளகிரிப் பக்கம் விற்பனைக்கு இருந்த மனைகள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம்.

வெளிச்சமும் தெருச் சத்தமும் உள்ளே புகாதபடி அந்த ஜன்னலை மறைக்கத் தடித்த ஒரு பொருள் தேவைப்பட்டது. கடையில் விசாரித்த கெட்டித் திரையின் விலை பயிற்சிச் சம்பளத்துக்கு ஏற்றதாக இல்லை. நான் ஜன்னலை அளந்துகொண்டு இறங்கி வந்தேன். மூன்று போர்வைகளையும் கூடத்தில் விரித்தேன். சேலைப் போர்வை மென்மையானது, வெளிச்சம் ஊடுருவும். சீருடைப் போர்வை இன்னும் துண்டுகளாகவே இருந்தது. மகளுடையதற்கு ஓரப்பட்டி மட்டுமே பாக்கி. உள்ளே கம்பளி, அகலமும் போதும்.

என் மனைவி கதவருகே நின்றார்.

"அது புள்ளைக்குன்னு சொன்னீங்களே?"

"புள்ள ராத்திரில தூங்குது," என்றேன்.

 அவர் வந்து எதிரே அமர்ந்து, ஓரப்பட்டியின் மறுமுனையை எடுத்து ஊசி போடத் தொடங்கினார். நைட் ஷிப்ட் வாரம் ஆகையால் மிஷின் கூடாது. இருவரும் கையாலேயே முடித்தோம். அவருடைய தையல் என்னுடையதைவிட நெருக்கமாக இருந்தது. 

ஜன்னல் சட்டத்தில் கொக்கிகள் அடித்து, உட்புறமாகப் போர்வையை மாட்டினேன். கட்டத் துணிகளின் நிறம் வெயிலில் வெளுத்துவிடாதிருக்க, சேலை வைத்த பின்புறத்தைத் தெருவுக்கும் முகப்பை அறைக்கும் காட்டினேன். அறை முழுவதும் இருட்டாகிவிட்டது. ஆகவே முகப்பு யாருக்கும் தெரியவில்லை. என் கையில் நிறைவுபெற்ற முதல் போர்வை அது. அதன் எதிரே தினமும் படுத்திருக்கும் வாய்ப்பைப் பெற்ற ஒரே மனிதர் கண்களை மூடியிருந்தார்.

அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் மனைவி பதறிக்கொண்டு கீழே வந்தார்.

"அம்மா, எந்திரிக்கவே மாட்டேங்காக! தண்ணி தெளிச்சுப் பாத்துட்டேன். 'யான போயிருச்சா'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாக. பஸ்ஸு வந்துரும்."

வேலைக்குப் போகாவிட்டாலும் கேட்டுக்கு வெளியேதான். நான் சற்று யோசித்துவிட்டு மிஷின் முன் அமர்ந்தேன். சீருடைத் துண்டு இரண்டைக் கொடுத்து முழு வேகத்தில் மிதித்தேன். மூன்றாவது தையலுக்குள் மேலே கட்டில் கிறீச்சிட்டது. அதன்பின் நைட் ஷிப்ட் வாரங்களில் என் மிஷின் மாலையில் ஒருமுறை மட்டும் ஓடியது. சீருடைப் போர்வைக்கு இதனால் எதிர்பாராத வளர்ச்சி கிடைத்தது.

நவம்பர் முதல் தேதி கர்நாடகத்தில் விடுமுறை. மகளின் அலுவலகம் மூடியிருந்தது; எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் வழக்கம்போல் ஓடின. போர்வையைக் கொண்டுபோவதற்கென்று பெரிய காலிப் பையோடு அவள் முற்பகல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அது நைட் ஷிப்ட் வாரம். வாசலிலேயே உதட்டில் விரல் வைத்து அவளை உள்ளே அழைத்தோம்.

"யாராச்சும் போய்ட்டாங்களா?" என்று அஞ்சிக் கேட்டாள்.

"மேல தூங்கறாங்க," என்றார் அவள் அம்மா.

போர்வை இருக்குமிடத்தைச் சொன்னேன். அவள் தெருவுக்குச் சென்று அண்ணாந்து பார்த்தாள். நானும் உடன் நின்றேன்.

"அது அம்மாவோட பச்ச சேல," என்றாள்.

"அது பின்பக்கம். முன்பக்கம் உள்ள இருக்குது."

"எப்பப் பாக்கலாம்?"

"அவரு எந்திரிச்சதும்."

"எப்ப எந்திரிப்பாரு?"

"நான் மிஷினு ஓட்டுனா."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "இப்ப ஓட்டுங்க."

ஓட்டவில்லை. இன்னும் இரண்டரை மாதம் அவர் கண் மூடாமல் நிற்க வேண்டும் என்பதையும், மூடினால் பொட்டலம் மடிக்க நேரும் என்பதையும் தெருவில் நின்றபடியே தணிந்த குரலில் எடுத்துரைத்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். இதற்குள் விஷயம் அறிந்த மாடிப் பெண் படியிறங்கி வந்து, கழற்றித் தந்துவிடுகிறேன் என்று கிசுகிசுத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"வேணாங்க, இருக்கட்டும்," என்றாள் மகள், அதே கிசுகிசுப்பில். "எனக்கு அப்பா வேற தச்சுத் தருவாரு. நான் பேரப்புள்ள எடுக்கறதுக்குள்ள."

இருட்டுவதற்கு முன் பஸ் ஏற வேண்டியிருந்ததால் அவள் முகப்பைப் பார்க்காமலேயே கிளம்பினாள். காலிப் பையோடு மகளை அனுப்புவது முறையல்ல. அது நிறையத் தக்காளி கொடுத்தனுப்பினோம்.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு, முதல் ஷிப்ட் முடிந்து வந்த மாடிக்காரர் மனைவியுடன் கீழே வந்தார். ஒரு கையில் மைசூர்பாகுப் பெட்டி. மறு தோளில் மடித்த போர்வை. நிரந்தரம் ஆகிவிட்டது என்றார். நைட்டில் ஒருநாள்கூடக் கண் சொக்கவில்லையாம்.

"மாமனாருக்குப் போன் போட்டுச் சொன்னேன் ஐயா.   'சரி, கடைக்கு வேற ஆளு பாக்கணும்'னு சொன்னாக."

பிறகு போர்வையை நீட்டினார். "இனிமே சம்பளம் கூடும். கெட்டியா ஒரு ஸ்கிரீன் வாங்கிக்கிடுதேன். இது உங்க பொண்ணுக்குள்ளதுல்லா."

கூடத்தில் விரித்துப் பார்த்தோம். தைத்து முடித்த பின் அன்றுதான் நானும் அதன் முகப்பை முழு வெளிச்சத்தில் பார்த்தேன். நிறங்கள் புதிதாகவே இருந்தன. ஓரிடத்தில் இரண்டு வரிசைகள் சற்றுக் கோணலாக இணைந்திருந்தன. இருட்டில் இருந்ததால் இதுவரை எவரும் குறை சொல்லவில்லை. புரட்டினோம். பச்சைச் சேலை வெளுத்துப் போயிருந்தது. ஜன்னல் கம்பிகள் அழுந்தியிருந்த இடங்கள் மட்டும் பழைய பச்சையில் வரிவரியாக நின்றன. என் மனைவி அந்த வரிகளை விரலால் தடவினார். சேலையைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

"வர்ற வாரம் உனக்கு இன்னா ஷிப்ட்டுப்பா?" என்று மாடிக்காரரைக் கேட்டார்.

"நைட்டும்மா."

என் மனைவி போர்வையை மடித்து, அது வந்த தோளிலேயே திரும்பப் போட்டார்.

"போய் மாட்டு. ஸ்கிரீனு வாங்கற அன்னிக்கு வாங்கிக்கலாம்."

மாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். மகளுக்கு இப்போது சேலைப் போர்வை ஒதுக்கப்பட்டிருந்தது. அது நைட் ஷிப்ட் வாரங்களில் மட்டுமே வளரக்கூடியது. அவர் படியேறியதும், அடுத்த வாரத்துக்கு வேண்டிய நூலை எடுத்து வைத்தேன். டெம்போ மறுபடி ஊமையாக வரும் வாரம் என்பதால், என் மனைவி தக்காளி வைக்க இடமிருக்கிறதா என்று பார்க்கச் சமையலறைக்குப் போனார்.