நம்ம பிள்ளை பாடுச்சு

என் மாமா மகள்மீது எனக்கு வந்த பொறாமை ஒரு ஜோடி வெள்ளைக் கையுறையில் தொடங்கியது. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவள் ஈப்போ நகரத்தில், மாமாவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தாள். நான் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் வளர்ந்தேன். அவள் பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியக் குழு இருந்தது. ஒவ்வொரு மெர்டேக்காவுக்கும், சுதந்திர நாளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அவள் அந்தக் கையுறையை மாட்டிக்கொண்டு ஈப்போ பாடாங் மைதானத்தில் அணிவகுத்துப் போவாள்.

எங்கள் தோட்டத்திலும் கொண்டாட்டம் இருந்தது. தமிழ்ப் பள்ளி வாசலில் மூங்கில் கம்பத்தில் கொடி ஏறும். ரேடியோவோ வாத்தியமோ கிடையாது. வாத்தியார் தொண்டையைச் செருமி முதல் சொல்லை இழுப்பார், நாங்கள் பிடித்துக்கொள்வோம். அப்புறம் சாக்கு ஓட்டம். வாளியிலிருந்து மொண்டு ஊற்றும் மைலோ. தோட்டத் துரை வீட்டு அம்மா கையால் கலர் பென்சில். இதெல்லாம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஈப்போவைப் பார்க்கும் வரைக்கும்.

பள்ளி விடுமுறையில் மாமா வந்து என்னை அழைத்துப் போவார். அம்மா எனக்குத் தீபாவளிச் சட்டையைப் போட்டு அனுப்புவார். அது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். பாடாங் ஓரத்தில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பெருமை மெல்ல உதிரும். தாரையும் தம்பட்டமும் ரோட்டை அதிரவைக்க, வெள்ளைப் பாவாடையும் வெள்ளைக் காலுறையுமாக அவள் வரிசை வரும். மாமா தன் மகளின் பெயரைச் சொல்லிக் கத்துவார். அவள் திரும்ப மாட்டாள். திரும்பக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருப்பார். எனக்கு என்னவோ என்னைப் பார்க்கக்கூடாது என்றுதான் அவள் திரும்பவில்லை என்று தோன்றும்.

அணிவகுப்பு முடிந்ததும் பழைய டவுனில் ஒரு சீனர் காப்பிக்கடைக்குப் பசியாறப் போவோம். வட்டமான பளிங்கு மேசை, வளைந்த மர நாற்காலி, தலைக்கு மேலே மெதுவாகச் சுற்றும் விசிறி. மாமா சம்பளம் வாங்கிய ஞாயிறுகளில் அவளை அங்கே கூட்டிப் போவதால் எல்லாரும் அவளுக்குப் பழக்கம். தவுக்கே, அதாவது கடை முதலாளி, அவளைப் பார்த்ததும் "லெங்லூய்!" என்று கூப்பிடுவார். அழகான பெண்ணே என்று அர்த்தம். அவளும் கண்டோனீசில் ஏதோ பதில் சொல்லி, மூன்று பேருக்கும் காப்பியும் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டியும் சொல்லிவிடுவாள். அரைவேக்காட்டு முட்டையை ஒரே தட்டலில் உடைத்துச் சாஸும் மிளகுத்தூளும் போட்டுச் சட்டையில் படாமல் உறிஞ்சிவிடுவாள். என் முட்டை மேசையில் வழியும். தவுக்கே துணியோடு வந்து துடைப்பார். என்னை அவர் எந்தப் பெயரிலும் கூப்பிட்டதில்லை.

ஒரு வருஷம் மெர்டேக்கா அன்று மழை பெய்தது. அணிவகுப்பு முடிவதற்குள்ளேயே வானம் இடிந்து கொட்டியது. கூட்டம் நாலாபக்கமும் ஓடியது. பேண்டுப் பிள்ளைகளை டீச்சர்கள் மேடைக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்கள். "மழை விடட்டும், அப்புறம் போய்க் கூட்டிக்கலாம்" என்று சொல்லி மாமா என்னை இழுத்துக்கொண்டு காப்பிக்கடைக்குள் நுழைந்தார். உள்ளே நிற்க இடமில்லை. சீனர், மலாய்க்காரர், நம்மவர்கள், நனைந்த சாரணர் பிள்ளைகள் எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கல்லாவுக்கு மேலே பெரிய மரப்பெட்டி ரேடியோவில் கோலாலம்பூர் அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் தேசிய கீதம் வந்தது. சாரணர்கள் விறைப்பாக எழுந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் நாற்காலியைத் தள்ளி எழுந்தார்கள்.

பாட்டு பாதியில் நின்றது. விசிறியும் நின்றது. மின்சாரம் போய்விட்டது.

நான் நிறுத்தவில்லை. யாருக்கும் காட்டுவதற்காக அல்ல. எங்கள் பள்ளியில் ரேடியோவை நம்பி யாரும் பாடியதே இல்லை, ஆரம்பித்தால் முடிக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இரண்டு வரி போன பிறகுதான் என் குரல் மட்டும் தனியாகக் கேட்பது எனக்கே தெரிந்தது. முகம் சூடாகிவிட்டது. நிறுத்தலாமா என்று மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணாலேயே "பாடு" என்றார். அடுத்த வரியில் ஒரு சாரணப் பையன் சேர்ந்தான். அப்புறம் மலாய்க்காரர் ஒருவர், கனமான குரலில். கடைசி வரியை அந்தக் கடையே பாடியது. வெளியே மழை இரைந்ததில் எங்கள் சத்தம் தெருவுக்குக்கூடக் கேட்டிருக்காது.

தவுக்கே எனக்கு ஒரு கஸ்டர்ட் கொண்டுவந்து வைத்தார். தட்டில் கவிழ்த்த மஞ்சள் கிண்ணம்போல், மேலே கருகிய சர்க்கரைப் பாகு. "பாண்டாய், பாண்டாய்" என்று மலாயில் சொன்னார். கெட்டிக்காரி என்று. நான் அதை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தின்றேன். அரை மணி நேரம் கழித்து என் மாமா மகள் சேறு பட்ட காலுறையோடு அழுதுகொண்டே வந்து சேர்ந்தாள். மாமா கைக்குட்டையால் அவள் தலையைத் துவட்டினார். பேச்சு அதோடு அவள் பக்கம் போய்விட்டது. எனக்குக் கவலையில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

அதற்கப்புறமும் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு நிறைய வாய்த்தது. அவள் டீச்சர் ஆனாள். எங்கள் தோட்டத்தை விற்று மரங்களை வெட்டித் தாமான், அதாவது புதுக் குடியிருப்பு, கட்டினார்கள். நான் கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்தேன். அவள் மகன் டாக்டர், என் மகன் லாரி ஓட்டுகிறான். ஒவ்வொன்றையும் அது அவள் பங்கு என்று விழுங்கிக்கொண்டேன். ஏனென்றால் அந்த மழைநாள் என் பங்கில் இருந்தது.

இந்த ஆண்டு மெர்டேக்காவுக்கு முந்தின வாரம், பழைய ஈப்போவைப் பற்றி வீடியோ எடுக்கும் இளைஞர்கள் சிலர் அதே காப்பிக்கடையில் அவளை உட்காரவைத்துப் பேட்டி எடுத்தார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தேன். சேலை கட்டி, நெற்றியில் சின்னப் பொட்டு வைத்து, டீச்சர் குரலில் நிதானமாகச் சொன்னாள்: "அன்னைக்கு மழை. ரேடியோ பாதியில நின்னுபோச்சு. நான் மட்டும் நிறுத்தாம பாடினேன். சின்னப் பொண்ணு, கையில வெள்ளை கிளவுஸ். கடையே எழுந்து என்கூடப் பாடுச்சு."

கீழே இதயங்களும் கைதட்டல்களும் வரிசையாக விழுந்தன. என் சொந்தத் தம்பிகூட "சூப்பர் லா அக்கா" என்று போட்டிருந்தான். கீரை வெந்ததா, அதில் உப்புப் போட்டேனா, ஒன்றும் நினைவில்லை. வீடு, படிப்பு, மகன் எல்லாம் அவளுக்கே இருக்கட்டும். இதுவுமா?

மறுநாளே அவளுக்குப் போன் செய்து, பசியாறப் போகலாம் என்றேன். அந்தக் கடைக்கே போகலாம் என்று அவளே சொன்னாள். வாசலில் கோலாலம்பூர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள். தவுக்கேயின் பேரன் நம்பர் கூப்பிட்டு ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். உட்கார்ந்து காப்பி வந்ததும் அவளே தொடங்கினாள்.

"வீடியோ பாத்தியாடி? எப்படி இருக்கு?"

"நல்லாதான் இருக்கு. ஆனா பாடுனது நீ இல்ல. நான்."

சிரித்தாள். நான் சிரிக்காததைப் பார்த்துக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன லா பேசுற? எனக்கு அப்படியே கண்ணுல இருக்கு. அப்பா ஆயிரம் தடவ சொல்லியிருக்காரு. வீட்டுக்கு யாரு வந்தாலும் சொல்வாரு. நம்ம பிள்ளை தனியா நின்னு பாடுச்சு, கடையே எழுந்து பாடுச்சுன்னு."

"நம்ம பிள்ளைன்னா சொன்னாரு?"

"ஆமா."

"உன் பேரச் சொன்னாரா?"

மாமா இறந்து வெகுகாலம் ஆகிறது, கேட்பதற்கு ஆளில்லை. "இல்ல" என்றாள் மெதுவாக. "பேரச் சொன்னதே இல்ல. நம்ம பிள்ளைன்னுதான் சொல்வாரு."

மாமா என்னைப் பற்றி அத்தனை பேரிடம், அத்தனை வருஷம் பேசியிருக்கிறார். தோட்டத்தில் இருந்த எனக்கு அது ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை. அவள்தான் மாமா வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பாட்டுக்காக வந்த எரிச்சல் தணிந்து, இதற்காகப் புதிதாக ஒன்று கிளம்பியது.

"அப்ப நான் எங்கடி இருந்தேன்?" என்று கேட்டாள்.

"மேடைக்குப் பின்னால. பேண்டோட. முன்வரிசையில நடந்து வந்த. டிரம் அடிச்ச."

"அப்படியா?" நிஜமாகவே யோசித்தாள். "மார்ச் போனது எதுவுமே எனக்கு ஞாபகம் இல்ல. கால்ல சப்பாத்து கடிச்சது மட்டுந்தான் தெரியும்."

நான் பல வருஷம் படுத்துக்கொண்டு நினைத்து நினைத்து வெந்த அந்த அணிவகுப்பை அவள் நினைவில் வைத்துக்கொள்ளக்கூட இல்லை. அவளை உலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவள் முகம் ஒரேயடியாக வயதாகித் தெரிந்தது. ஏதோ ஒன்றைத் தொலைத்தவள்போல் கையைப் பிசைந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை மூக்கில் தள்ளி, குழுவில் தட்டினாள். அனுப்புவதற்கு முன் எனக்கு வாசித்தும் காட்டினாள்: பாடியது நான் அல்ல, அத்தை மகள், இத்தனை நாள் நான் என்றே நம்பியிருந்தேன், மன்னிக்கவும்.

"சரியா?"

"சரி."

ஆளுக்கொரு ரொட்டி தின்றோம். எங்கள் முழங்கால் வலிகளைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது என் கையை இறுக்கிப் பிடித்து, "அந்தப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சுடி" என்றாள்.

என்னை அழைத்துப் போக வந்த என் கணவர் காரை ஓட்ட, வீட்டுக்குப் போகும் வழியில் நான் குழுவைத் திறந்தேன். அவள் செய்திக்குக் கீழே இதயங்கள் குவிந்திருந்தன. எவ்வளவு பெரிய மனசு அக்கா. இந்தக் காலத்துல யாரு இப்படி ஒத்துக்குவா. கண்ணு கலங்கிடுச்சு டீச்சர். மேலும் கீழும் தேடினேன். என் பெயரை எழுதி ஒரே ஒருவர், தஞ்சோங் மாலிமில் இருக்கும் சித்தப்பா, ஒரு கட்டைவிரலைப் போட்டிருந்தார்.

"என்ன, பேசி முடிச்சாச்சா? ஒத்துக்கிட்டாங்களா?" என்றார் கணவர்.

"ஒத்துக்கிட்டா. எல்லாருக்கும் சொல்லிட்டா."

"பின்ன ஏன் மூஞ்சி அப்படி இருக்கு?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன்.