கம்ப்யூட்டர் அமாவாசை

எங்க மொதலாளி கம்ப்யூட்டர் வாங்கின அன்னிக்கு மானிட்டருக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, மேல எலுமிச்சம்பழமும் பச்சமொளகாவும் கோத்துத் தொங்கவிட்டாரு, அதை அடுத்த நாளே அவுத்துக் குப்பையில போட்டவ நானு. அதுலேர்ந்தே தெரிஞ்சுக்குங்க நான் எப்படிப்பட்ட ஆளுன்னு. பேயி, சகுனம், கண்ணேறு, எதுவும் நமக்கு ஆகாது. கம்ப்யூட்டர் தப்பு பண்ணிச்சுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், பொறுமையா தேடினா கெடைக்கும், அவ்ளோதான். நீங்க சாப்ட்வேர் கம்பெனியில வேலை பாக்குறவரு, இதைக் கேட்டு உள்ளுக்குள்ள சிரிப்பீங்க. சிரிங்க, ஆனா முழுசா கேட்டுட்டு சிரிங்க.

செல்போனு அப்போதான் ஆரணிக்குள்ள ஒண்ணு ரெண்டு பேரு கையில வந்துகினு இருந்த சமயம். பட்டுச்சேலை மொதலாளி ஒருத்தருகிட்ட நான் ஆபீஸ் வேலை பாத்துகினு இருந்தேன். ஆபீஸ் பஜார்ல, தறி ஷெட்டு ஊருக்கு வெளிய கண்ணமங்கலம் ரோட்டுல. ஷெட்டுக்குப் பின்னாடி ஒட்டினாப்பல ஒரு ரைஸ் மில்லு, அவங்க சுவரு எங்க ஷெட்டை விட ரெண்டு மடங்கு ஒசரம். அந்தச் சுவர ஒட்டி இருந்த கடைசித் தறி எங்க வீட்டுக்காரரோடது. பேரு சேகரு. எங்க கல்யாணமே அந்த ஷெட்டுல மொளைச்சதுதான், அது வேற கதை, இப்ப வேணாம்.

மெட்ராஸ் கடைக்காரங்க மெயில்ல ஆர்டர் அனுப்ப ஆரம்பிச்சதும் மொதலாளி ஆபீஸுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஷெட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிட்டாரு. ஷெட்டைப் பாத்துக்கிறவரு ஏகாம்பரம் மேஸ்திரி. அவருக்கு நான் சொல்லிக்குடுத்தது ஒண்ணே ஒண்ணு, மெயில் வந்தா பிரிண்ட் எடுங்க, கதவுல ஒட்டுங்க. மனுஷன் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டாரு. மொதலாளி நேர்ல வந்து சொன்னா "பாக்கலாம் மொதலாளி"ம்பாரு, அதே விஷயம் மெயில்ல வந்தா கலெக்டரு உத்தரவு மாதிரி.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஆரணியில அமாவாசைன்னா யாரும் தறியில உக்கார மாட்டாங்க, ஊருக்கே தெரிஞ்ச பழக்கம். மாசாமாசம் நான் ஷெட்டுக்குத் தனியா சொல்லணுமா, இருக்கவே இருக்குது கம்ப்யூட்டர் காலண்டருன்னு, "அமாவாசை, தறி லீவு"ன்னு ஒரு மீட்டிங் மாதிரி போட்டு, மாசம் ஒருவாட்டி தானா ஷெட்டுக்குப் போற மாதிரி வெச்சுட்டேன். வெச்சுட்டு ஒரே பெருமை. ஆனா பாருங்க, அந்தக் காலண்டருக்கு அமாவாசை தெரியுமா? அது மாசாமாசம் அதே தேதியைப் புடிச்சுகினு நிக்கிது. அமாவாசையோ ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமா முன்னாடி நழுவும். ரெண்டு மூணு மாசம் போனதும் மேஸ்திரி நல்ல நாள்ல ஷெட்டைப் பூட்டிட்டு, நெஜ அமாவாசைக்குத் தறி ஓட்டச் சொல்லிட்டாரு. நெசவாளிங்க எல்லாம் வந்து என்னை வாய்க்கு வந்தபடி கேட்டாங்க. மொதலாளி கத்தினது பஜாரு முழுக்கக் கேட்டுச்சு.

அன்னிக்கே, மாசாமாசம் தானா போற அந்த மீட்டிங்கை மொத்தமா அழிச்சேன். அதுக்கப்புறம் டெய்லி காலண்டரைப் பாத்து மாசாமாசம் கையாலயே தேதி போட்டேன். நடுவுல ஷெட்டு கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்து, அதை மொத்தமா துடைச்சுப் புதுசா போட்டதும் நான்தான். இதை ஏன் சொல்றேன்னா, பழசு எங்கயாவது ஒட்டிகினு இருந்திருக்கும்னு நீங்க சொல்வீங்க. ஒட்ட எடமே இல்லீங்க.

கார்த்திகை மாசம். மூணு நாளா விடாம மழை, கமண்டல நதியில தண்ணி வந்துடுச்சுன்னு ஜனங்க பாலத்துல போய் நின்னு வேடிக்கை பாத்துகினு இருக்காங்க. அந்த வாரம்தான் மெட்ராஸ் கடை ஒண்ணுக்கு முகூர்த்தச் சேலைங்க போகணும். மறுநாளு தறியிலேர்ந்து சேலைய அறுத்து சாயங்காலம் பார்சல் போடணும், இல்லேன்னா அந்தக் கடை கைவிட்டுப் போயிடும். மொதலாளி ஷெட்டுக்கும் ஆபீஸுக்கும் கால்ல சக்கரம் கட்டினாப்பல சுத்திகினு இருந்தாரு.

மத்தியானம் சாப்ட்டுட்டு வந்து உக்காந்தா, ஸ்க்ரீன் நடுவுல டிங்குன்னு ஒரு ரிமைண்டரு. "அமாவாசை, தறி லீவு." தேதியைப் பாத்தா மறுநாளு. எனக்கு வந்துச்சே கோவம். அமாவாசை போயி ஒரு வாரத்துக்கு மேல ஆகுது! டிஸ்மிஸ்னு பட்டனைத் தட்டினேன். போயிடுச்சு. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுத் திரும்பினா மறுபடியும் டிங்கு.

நம்புனா நம்புங்க, நானும் விடல. நமக்குத் தெரிஞ்ச வித்தை எல்லாம் எறக்கினேன். காலண்டர்ல போய்ப் பாத்தேன், மறுநாளு கட்டம் காலி, ஒண்ணுமே இல்ல. அழிச்சதெல்லாம் போய் விழுற குப்பைத்தொட்டியில பாத்தேன், அங்கயும் இல்ல. கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டேன். ரிமைண்டரை எல்லாம் மொத்தமா துடைக்கிற கட்டளை ஒண்ணு இருக்குது, அதை அடிச்சேன். டிங்கு.

அதுல இன்னொண்ணு பாத்தேன். ரிமைண்டரு எப்பவும் வரப்போற விஷயத்துக்கு இன்னும் இத்தினி மணி நேரம் இருக்குதுன்னு காட்டும். நேரம் தாண்டிட்டாதான் ஓவர்டியூன்னு, அதாவது கெடு முடிஞ்சு போச்சுன்னு காட்டும். இதுவோ நாளைக்கு வரப்போற தேதியைப் போட்டுட்டு, பக்கத்துல ஓவர்டியூன்னு காட்டுது. சரி, கடியாரம் தப்பா இருக்கும், உள்ள இருக்கிற பேட்டரி தீந்திருக்கும், இல்ல வேற நாட்டு டைம் செட் ஆயிருக்கும்னு ஒவ்வொண்ணா பாத்தேன். கடியாரம் சரி. தேதி சரி. நாடும் இந்தியாதான். எனக்கு ஒரே பேஜாரா போச்சு.

இது ஷெட்டுக்கு மட்டும் போயிடக்கூடாது, மேஸ்திரி கண்ணுல பட்டா அவ்ளோதான், என் வேலை காலின்னு ஒரே பயம். மெயில் போற போன் லைனு மழையில காலையிலேர்ந்தே செத்துக் கெடந்துச்சு, இருந்தாலும் நம்பிக்கையில்லாம மோடத்துலேர்ந்து ஒயரைப் புடுங்கி மேஜை மேல வெச்சேன். என் கையால வெச்சேங்க. அப்புறம் கம்ப்யூட்டரை அணைச்சுட்டு, கொடையைப் புடிச்சுகினு வீட்டுக்கு வந்துட்டேன்.

வீட்டுக்காரரு அதுக்கு முன்னாடியே வந்து தலையைத் துவட்டிகினு நிக்கிறாரு.

"இன்னா வசந்தி, நாளைக்கு லீவா? மேஸ்திரி கதவுல ஒட்டிகீறாரே!"

கொடையை அப்படியே கீழ போட்டேன். "லைனே இல்லீங்க, எப்படிப் போச்சு?"

"எனக்கு இன்னா தெரியும்? மெயில் வந்துச்சாம், பிரிண்ட் எடுத்தாராம், ஷெட்டைப் பூட்டிட்டு மகளைப் பாக்க கண்ணமங்கலம் பஸ் ஏறிட்டாரு."

நான் கத்தின கத்து இருக்குதே! நீங்க போயே ஆகணும், பூட்டை ஒடைச்சாவது போங்க, சேலை அறுக்கலைன்னா மொதலாளி என்னைத் தொரத்திடுவாருன்னு அழுதேன். நல்லா கேட்டுக்குங்க, போங்க போங்கன்னு அவரைத் தள்ளினவ நானு. அவரு பாவம், விடியட்டும் பாத்துக்கலாம்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு.

காலையில ஆபீஸ் போனா மொதலாளி வாசல்லயே நிக்கிறாரு. விஷயம் அவரு காதுக்குப் போயிடுச்சு.

"ஏம்மா, உனக்கு எத்தினி வாட்டி சொல்றது? உன் கம்ப்யூட்டர் அமாவாசையைக் கொண்டுபோய் ஆத்துல போடு! இன்னிக்கு சேலை போகலைன்னா நீ நாளைக்கு வேலைக்கு வராத."

"நான் அனுப்பலீங்க மொதலாளி. ஒயரைப் பாருங்க, புடுங்கி வெச்சது அப்படியே கீது."

"ஒயராவது மயிராவது! ஏறு வண்டியில, ஜல்தி!"

அவருகிட்ட இன்னொரு சாவி இருந்துச்சு. காருல என்னை ஏத்திகினு போனாரு. எங்க வீட்டுக்காரரு மழையில சைக்கிள்லயே சுத்தி, கெடைச்ச நெசவாளிங்களைக் கூட்டிகினு அங்க வந்துட்டாரு. எல்லாருமா ஷெட்டு வாசல்ல நிக்கிறோம். வழக்கமா அந்த நேரத்துக்கு உள்ள தறி சத்தம் தடதடன்னு கேக்கும், மில்லுக்காரங்க கத்தினாலும் காதுல விழாது. அன்னிக்கு மழைச் சத்தம் மட்டும்தான். கதவுல மேஸ்திரி ஒட்டின பேப்பரு நனைஞ்சு, மசி எல்லாம் கீழ எறங்கிப்போச்சு.

மொதலாளி சாவியைப் போட்டாரு, பூட்டு தொறந்துச்சு, கதவு தொறக்கல. மழையில மரம் ஊறி உப்பிப்போயி நெலையோட இறுகிடுச்சு. தள்ளிப் பாத்தாரு, ஒதைச்சுப் பாத்தாரு. "சேகரு, நீ வா"ன்னாரு. வீட்டுக்காரரு தோளைக் குடுத்து ஒரு தள்ளு, ரெண்டாவது தள்ளு. லேசா அசைஞ்சுச்சு. இன்னும் ஒண்ணுன்னு பின்னாடி வந்தாரு.

அப்போ ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க. இடின்னு நெனைச்சு எல்லாரும் மேல பாத்தோம். மேல ஒண்ணும் இல்ல, காலுக்குக் கீழ தரை அதிருது. ரைஸ் மில்லு சுவரு, அவ்ளோ ஒசரச் சுவரு, மழையில ஊறிப்போயி அப்படியே மொத்தமா சாஞ்சு எங்க ஷெட்டு மேல விழுந்துச்சு. ஓடு, உத்தரம் எல்லாம் நொறுங்கி, ஜன்னல் வழியா புழுதியும் தண்ணியுமா வெளிய பீச்சி அடிக்குது. கதவு இருக்குதே, எவ்ளோ தள்ளியும் வராத அந்தக் கதவு, அதுவா பிச்சுகினு வெளிய வந்து விழுந்துச்சு. நான் எங்க வீட்டுக்காரரு சட்டையைப் புடிச்சு இழுத்துகினு ரோட்டுக்கு ஓடினதுதான் தெரியும்.

புழுதி அடங்கி உள்ள பாத்தா, பின்பக்கத் தறி ஒண்ணு கூட இல்ல. எங்க வீட்டுக்காரரு உக்கார்ற எடத்துல ஆள் ஒசரத்துக்குக் கல்லு. சாதாரண நாளா இருந்தா விடியக்காலையிலேர்ந்து அவரு அந்தத் தறிக் குழியில காலை விட்டுகினு உக்காந்திருப்பாரு. அவரு மட்டுமா, எல்லாருமே!

மொதலாளி அந்தச் சேத்துலயே உக்காந்துட்டாரு. வேட்டி நனையுது, அவருக்குத் தெரியல. என்னைப் பாத்து, "வசந்தி, அந்த மெயிலை யாரும்மா அனுப்பினது?"ன்னாரு. நான் இல்லீங்கன்னேன். எல்லாரும் என்னைச் சுத்தி நின்னு கும்பிடறாங்க, நெசவாளிங்க வீட்டுப் பொம்பளைங்க ஓடிவந்து என் கையைப் புடிச்சுகினு அழுவுறாங்க, நானும் சிரிச்சுகினே அழுவுறேன். அன்னிக்கு மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில திரும்ப வந்ததே இல்ல.

அப்புறம் வேலூர்லேர்ந்து கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரை வரவெச்சோம். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு மெயிலு போனதுக்கு அடையாளமே இல்லன்னாரு. ஷெட்டு கம்ப்யூட்டரு கல்லுக்கு அடியில சப்பையா போச்சு. போன் ஆபீஸ்ல கேட்டா, கண்ணமங்கலம் ரோட்டுலயும் அன்னிக்குக் காலையிலேர்ந்தே லைனு இல்லன்னாங்க. மேஸ்திரியோ மெயில் வந்துச்சு, நான் பிரிண்ட் எடுத்தேன்னு கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்றாரு. அந்த மனுஷனுக்குத் தானா ஒரு வரி டைப் அடிக்கத் தெரியாதுங்க.

இன்னிக்கும் அந்த நெசவாளிங்க வீட்டுல மாசத்துக்கு ரெண்டு லீவு. நெஜ அமாவாசை ஒண்ணு, கம்ப்யூட்டர் அமாவாசை ஒண்ணு. சுவரு விழுந்த தேதி வந்தா தறியில உக்கார மாட்டாங்க. இன்னா லீவுன்னு வெளியூர்க்காரங்க கேட்டா சிரிச்சுகினே சொல்வாங்க. மொதலாளி கட்டின புது ஷெட்டுல கம்ப்யூட்டருக்கு எலுமிச்சம்பழம் மாட்டினாங்க, அதை நான் அவுக்கல.

மெயில் எப்படிப் போச்சுன்னு நான் இப்பல்லாம் யோசிக்கிறதில்ல. சாமின்னு சொல்றவங்க சொல்லட்டும், மின்னல்ல ஏதோ ஆயிருக்கும்னு நீங்க சொல்லுங்க, ரெண்டுக்கும் தலையாட்டிடுவேன். எனக்குத் தொண்டையில மாட்டிகினு இருக்கிறது அந்த ஒரே வார்த்தைதாங்க. ஓவர்டியூ. நாளைக்கு நடக்கப்போறதுக்கு அது அப்படி ஏன் காட்டணும்? எத்தினி வருஷம் மெயில் வேலை பாத்தேன், நடந்து முடிஞ்சதுக்குத் தவிர அது அந்த வார்த்தையைக் காட்டி நான் பாத்ததே இல்ல. அப்படின்னா அந்தச் சுவரு ஒரு தடவை ஏற்கெனவே விழுந்துடுச்சா? அந்தத் தடவை லீவுன்னு யாரும் சொல்லலையா? டிஸ்மிஸ் டிஸ்மிஸ்னு தட்டினேனே, அந்தத் தடவை நான் தட்டினதும் அது போயிடுச்சா?

வீட்டுக்காரரு நல்லாதான் இருக்காரு, பேரப்புள்ளைங்களோட சண்டை போட்டுகினு. ஆனா அந்தத் தேதி வந்தா மட்டும், அவரு சாப்ட உக்காரும்போது தட்டு வைக்கிற சாக்குல நான் அவரு கையை ஒரு தடவை தொட்டுப் பாத்துக்குவேன். "இன்னாடி?"ம்பாரு. ஒண்ணுமில்லீங்கம்பேன்.