வாழைப்பழ வாசனை

தையலம்மாளின் மூக்கிடம் போலீஸ் நாயே தோற்றுப்போகும். சும்மா வந்த மூக்கா அது? வருஷக்கணக்காகப் புருஷன் மணவாளனின் வாயை மோந்து மோந்து பழகிய மூக்கு. பாகூரில் அவன் குடித்துவிட்டு விழுந்து கிடக்காத தெரு கிடையாது. போன வருஷம்தான் குடியை விட்டான். மறுபடி தொட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு செலியமேட்டில் அம்மா வீட்டுக்கே போய்விடுவேன் என்று அவளும் கறாராகச் சொல்லியிருந்தாள்.

தவளக்குப்பம் பக்கம் ஒரு எசென்ஸ் கம்பெனியில் அவன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குள் நுழையும்போதே குப்பென்று வாழைப்பழ வாசனை. சட்டையில், தலைமயிரில், எங்கும். எந்த நாற்றத்தை மறைக்க இந்தக் கள்ளன் இதைப் பூசிக்கொண்டு வருகிறான்?

ஒருநாள் பஸ் ஏறிக் கம்பெனிக்கே போய்விட்டாள். அங்கே கெமிஸ்டாக இருக்கும் சுவேதா என்ற பெண்ணைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவரு பூசிக்கல அக்கா. ஆல்கஹாலையும், வினிகர்ல இருக்குதே அந்த ஆசிடையும் ஒண்ணாக் கலந்து, கொஞ்சம் கந்தக ஆசிட் வுட்டுக் காய்ச்சறோம். ரெண்டும் சேந்து எஸ்டர்னு வேற பொருளாயிடும். அந்த வாசனதான் இது."

தையலம்மாள் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது. "ஆல்கஹாலா? அடக் கடவுளே! அது பூரா மாறிடுமா?"

"பூரா மாறாதுக்கா. எவ்ளோ காய்ச்சினாலும் கொஞ்சம் மாறாம நின்னுடும். அதத் தனியாப் பிரிச்சு டிரம்ல புடிச்சு வைப்போம். குடிக்கற சரக்கு இல்ல அது, வெஷம்."

குடிகாரன் அதையெல்லாம் பார்த்தா குடிக்கிறான்! "அந்த டிரம்மு யாரு பொறுப்புல இருக்குது?"

"ஸ்டோர் சாவி மணவாளன் அண்ணன்கிட்டதான். இதுவரிக்கும் ஒரு சொட்டு கொறஞ்சதில்ல. எங்களுக்கு அவர வுட்டா நம்பிக்கையான ஆளு யாரு இருக்கா?"

அவனைப் பற்றி இப்படி ஒரு வார்த்தையை அவள் யார் வாயிலும் கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்னப் பஸ் ஏறினாள்.

சாயந்திரம் மணவாளன் தட்டு முன் உட்கார்ந்தான். விஷயம் அவன் காதுக்கு எட்டியிருந்தது.

"கம்பெனிக்காரன் என்னிய நம்பிட்டான்டி. நீ எப்ப நம்புவ?"

பொய் சொல்லிச் சமாளிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"இன்னும் கொஞ்ச நாளு ஆவும்யா."

"ஆவட்டும்," என்று சோற்றைப் பிசைந்தான். அழுகை அவளுக்குத்தான் வந்தது.