சுவிட்சை மறைத்து நின்ற படம்

மிஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரே ஒரு பயம். என் மச்சானுடைய வலது கை. என் கையைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கவலை இருந்ததில்லை. நான் எதைப் பார்த்தாலும் ஓர் அடி பின்னால் நிற்கிறவன். அவர் முன்னால் போய் நிற்கிறவர். ரம்பத்துக்கு யார் கை கிடைக்கும் என்று யோசித்தால் அவருடையதுதான் கிடைக்கும். அந்தக் கை போனால் இரண்டு குடும்பமும் போச்சு.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். திருவண்ணாமலையில், பெரிய கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில், படத்துக்கு ஃபிரேம் போடும் கடை வைத்திருந்தார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் அரிசி மில்லில் கொஞ்ச நாள், சைக்கிள் கடையில் கொஞ்ச நாள் என்று எங்கும் நிலைக்காமல், கல்யாணமான பிறகு அவரிடம் வந்து சேர்ந்தேன். கடையில் என்னை "டேய் மாப்ள" என்பார். வீட்டில் தங்கை எதிரில் "வாங்க மாப்ள, உக்காருங்க" என்பார். இரண்டிலும் இருந்தது ஒரே கிண்டல்தான்.

முதலில் எல்லாம் கைரம்பம். மூலைக்கு மூலை சரியாகப் பொருந்துவதற்கு மரப்பெட்டி ஒன்று உண்டு. அதில் சாய்வாக வெட்டிய பிளவுக்குள் ரம்பத்தை விட்டு அறுப்போம். எண்பதுகளின் தொடக்கத்தில்தான் போளூர் ரோட்டிலிருந்த ஒரு லேத் பட்டறைக்காரர் எங்களுக்கு மிஷின் செய்து கொடுத்தார். இன்றைக்குக் கடையில் அட்டைப்பெட்டியில் வைத்து விற்கிறார்களே, மைட்டர் ரம்பம், அதற்குத் தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். மேஜையில் ஓர் இரும்புக் கை. அதன் நுனியில் பத்தங்குல வட்ட பிளேடு, பின்னால் மோட்டார். பிடியை அழுத்தினால் பிளேடு இறங்கிக் கட்டையைச் சாய்வாக அறுக்கும். விட்டால் ஸ்பிரிங் மேலே இழுத்துக்கொள்ளும். பிளேடுக்கு மூடி இல்லை.

"மூடி ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்களேன்" என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன்.

"மூடி போட்டா அறுக்கிற எடம் எப்டிப்பா தெரியும்?"

மச்சான் சிரித்தார். "அவன் படுக்கிறப்ப தலையணைக்கும் மூடி கேப்பான். நீங்க வேலைய பாருங்க."

மிஷினுக்கு சுவிட்ச் சுவரில் இருந்தது. கனமான இரும்புப் பெட்டி, பக்கவாட்டில் ஒரு லீவர். மேலே தள்ளினால் ஓடும், கீழே இறக்கினால் நிற்கும்.

நிற்கும் என்று சொல்கிறேனே தவிர, உடனே நிற்காது. லீவரை இறக்கிய பிறகும் பிளேடு வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும், சத்தமே இல்லாமல். அதிலும் டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வேகமாகச் சுற்றும்போதே சில நொடி பிளேடு அசையாமல் நிற்கிற மாதிரி தெரியும். ஒவ்வொரு பல்லையும் எண்ணலாம். அப்படி முதல் தடவை பார்த்தபோது, நின்றுவிட்டது என்று நினைத்து மரத்தூளைத் தள்ளக் கையை நீட்டினேன். காற்று விரலில் பட்டது. நின்ற பிளேடிலிருந்து காற்று வராது. கையை இழுத்துக்கொண்டேன். 

அதற்குப் பிறகு எனக்கென்று சில வழக்கங்கள் வைத்துக்கொண்டேன். பிளேடுக்கும் கைக்கும் நடுவில் ஒரு சாண். துண்டுக் கட்டையைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் போட்டு இறுக்குவேன். பிளேடு முழு வேகம் பிடித்த பிறகுதான் இறக்குவேன். தோளில் துண்டு போட மாட்டேன். தூளை விரலால் தள்ளாமல் ஒரு குச்சியால் தள்ளுவேன். மச்சான் இதில் ஒன்றைக்கூடச் செய்ய மாட்டார். பீடி வாயில் இருக்கும், துண்டு தோளில் தொங்கும், கட்டைவிரல் பிளேடுக்குப் பக்கத்தில் இருக்கும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

"இன்னாடா, என் வெரலுக்குக் காவலா?"

"கொஞ்சம் தள்ளிப் புடிங்க மச்சான்."

"நீ பயந்துகினே பாத்தீன்னா அதுக்கே வெட்டிக்கும்."

இன்னொரு பழக்கமும் எங்கள் கடையில் வந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவே இல்லை. அந்த நாளில் கரண்ட் அடிக்கடி போகும். அறுத்துக்கொண்டிருக்கும்போது போனால், மச்சான் லீவரை இறக்காமல் அப்படியே விட்டுவிட்டு எதிரிலிருந்த டீக்கடைக்குப் போய்விடுவார். கரண்ட் திரும்பி வந்ததும் ஆளில்லாத கடையில் மிஷின் தானாகக் கத்த ஆரம்பிக்கும். தெருவுக்கே அதுதான் தகவல். டீக்கடைக்காரர் குரல் கொடுப்பார். "யோவ் ஃபிரேமு, உன் மிஷின் கூப்டுது. கரண்ட் வந்துச்சி." பக்கத்து மாவு மில்லிலும் அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

இறக்கி வையுங்கள் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "எறக்கிட்டா கரண்ட் வந்தது எப்டிடா தெரியும்?" என்பார்.  டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எதிரே ஆளில்லாத கடைக்குள் யாருக்காகவோ மிஷின் கத்துகிற அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் பாதி டீயிலேயே எழுந்துவிடுவேன்.

உள்ளே யாரும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சாமி படங்களைவிட எங்களுக்குச் செத்தவர்கள் படம்தான் ஜாஸ்தி வரும். பதினாறாம் நாள் காரியத்துக்குள் வேண்டும் என்று அவசரமாகக் கொண்டு வருவார்கள். ஃபிரேம் போட்ட படங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைப்போம். எல்லா முகமும் மிஷினைப் பார்த்தபடி இருக்கும்.

அந்த வரிசையில் ஒரு பெரியவர் படம் மட்டும் போகாமல் நின்றுவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடி அண்ணாமலையிலிருந்து ஒருவர் கொண்டு வந்து கொடுத்தார். காரியத்துக்கு முதல்நாள் வருகிறேன் என்றார். வரவில்லை. மாதங்கள் போயின. நல்ல பெரிய படம், கண்ணாடி போட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தோளில் மடித்த துண்டு. கண் மட்டும் முகத்தோடு சேரவில்லை. அவ்வளவு கூர்மை.

"இது உசுரோட எடுத்த படம் இல்ல மாப்ள" என்றார் மச்சான் ஒருநாள். "செத்தப்புறம் உக்கார வெச்சி எடுத்திருக்காங்க. கண்ண ஸ்டூடியோக்காரன் வரைஞ்சிருக்கான். மூடுன கண்ணு மேல."

அதற்குப் பிறகு நான் அந்தப் படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். மச்சான் திருப்பி வைப்பார். "அவரு கண்ணத் தொறக்கறதுக்கு ஸ்டூடியோக்காரன் காசு வாங்கிருக்கான். பாத்துட்டுப் போவட்டும்."

ஆயுத பூஜை அன்று நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். பூஜை போட்டுவிட்டால் மறுநாள் வரை ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பதால், காலையிலேயே நாலு ஃபிரேம் அறுத்து முடித்துவிடலாம் என்று மச்சான் மிஷினைப் போட்டார். மூன்றாவது ஃபிரேமில் கரண்ட் போய்விட்டது. "போவட்டும், சாமியே நிறுத்தச் சொல்லுது" என்று சொல்லிப் பூ வாங்கக் கிளம்பினார். நான் கடையைக் கூட்டினேன். தரையைக் கழுவ வேண்டுமே என்று சுவரோரம் இருந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேலே பலகையில் வைத்தேன். பெரியவர் படம் பெரியது. கோடியில்தான் இடம் இருந்தது, சுவிட்சுப் பெட்டிக்கு முன்னால். அங்கே சாய்த்து வைத்தேன். வைத்தது நானேதான். வேறு யாரையும் சொல்ல முடியாது.

மச்சான் கதம்பத்தோடு வந்தார். எண்ணெய்த் துணியால் பிளேடைத் துடைத்தார். மாலையை இரும்புக் கையில் சுற்றினார். பிளேடுக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டு, இடது கையால் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, வலது கை மோதிர விரலால் ஒவ்வொரு பல்லுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். அவ்வளவு பொறுமையாக அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. நான் கற்பூரத் தட்டோடு பின்னால் நின்றேன்.

பத்துப் பன்னிரண்டு பல் ஆகியிருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லீவர் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

சுவரைப் பார்த்தேன். சுவிட்ச் தெரியவில்லை. அந்த இடத்தில் பெரியவர் இருந்தார்.

"மச்சான், காலையில கரண்ட் போனப்ப சுவிட்ச எறக்குனீங்களா?"

"எங்க எறக்குனேன்."

"அப்ப கையை எடுங்க."

"கரண்டே இல்லியேடா. சாமி காரியம் செய்யறப்ப தொணதொணங்காத. இன்னும் பாதிப் பல்லு இருக்குது."

அவர் அடுத்த பல்லுக்குப் போய்விட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டு நான் சுவரை நோக்கிப் போனேன். இரண்டு எட்டு இருக்கும். படத்தை ஒதுக்கி லீவரை இறக்க வேண்டும், அவ்வளவுதான். கையை நீட்டினேன். அந்தக் கண்ணைப் பார்த்ததும் கை ஒரு கணம் தயங்கியது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு படம் சரிந்தது. பலகையின் விளிம்பு தாண்டி, முகம் முன்னால் கவிழ்ந்து, என் கைக்குப் பக்கவாட்டில் விழுந்தது.

"டேய், கண்ணாடி!" மச்சான் பிளேடை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, தரையில் மோதுவதற்கு முன்னால் இரண்டு கையாலும் படத்தைப் பிடித்துவிட்டார்.

மிஷின் கத்தியது.

மாலை பிளேடில் சிக்கி ஒரே இழுப்பில் போயிற்று. மேஜையில் கிடந்த எண்ணெய்த் துணி சுருண்டு உள்ளே போய்க் கிழிந்து பறந்தது. சந்தனமும் குங்குமமும் சுவரெல்லாம், பலகையிலிருந்த முகங்களெல்லாம் தெறித்தன. மச்சான் படத்தை மார்போடு அணைத்தபடி அப்படியே நின்றார். அவர் சட்டையில் சிவப்புப் புள்ளிகள். ரத்தம் என்றுதான் நினைத்தேன். எதிரிலிருந்து டீக்கடைக்காரர் எப்போதும்போலச் சந்தோஷமாகக் கூப்பிட்டார். "யோவ் ஃபிரேமு, கரண்ட் வந்துச்சி."

லீவரை இறக்கினேன். சத்தம் அடங்கியது. பிளேடு மட்டும் மாலை நூலைச் சுழற்றிக்கொண்டு ஓசையில்லாமல் சுற்றியது. டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. பிளேடு நின்ற மாதிரி தெரிந்தது, பிறகு பின்னோக்கிச் சுற்றுகிற மாதிரி தெரிந்தது. அது உண்மையில் நிற்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் நகரவில்லை.

மச்சான் படத்தை மேஜையில் வைத்து வலது கையை விரித்துப் பார்த்தார். விரல் நுனியில் குங்குமம் இருந்தது. அவ்வளவுதான்.

"நீ தொட்டியா படத்த?"

"தெரியல மச்சான்."

"தெரியலன்னா?"

"தொடப் போனேன். தொட்டனான்னு தெரியல."

அவர் கிண்டல் செய்வார் என்று காத்திருந்தேன். செய்யவில்லை. துண்டை எடுத்து அந்தப் பெரியவர் முகத்துக் கண்ணாடியைத் துடைத்தார். நெற்றி இருந்த இடத்தில் தெறித்திருந்த குங்குமத்தை மட்டும் துடைக்காமல் விட்டுவிட்டார்.

அந்த வாரமே பட்டறைக்குப் போய்த் தகரத்தில் ஒரு மூடி அடித்து வாங்கி வந்தார். கரண்ட் போனால் லீவரை இறக்க ஆரம்பித்தார். தெருவுக்குத்தான் கஷ்டம். மாவு மில்காரர் வந்து, உங்கள் மிஷினுக்கு என்ன ஆச்சு, சத்தமே காணோமே என்று குறைப்பட்டுக்கொண்டார். பெரியவர் படம் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஆணியில் ஏறியது. தினம் ஒரு முழம் பூ. கேட்கிறவர்களிடம் மச்சான், "எங்க மாமனாரு" என்று சொல்லிவிடுவார்.

மார்கழியில் ஓர் அம்மா வந்தார். அடி அண்ணாமலை. படத்தில் இருப்பது தன் வீட்டுக்காரர், அதைக் கொண்டு வந்து கொடுத்த மகன் அதே வாரத்தில் பெங்களூர்ப் பக்கம் போய்விட்டான், எந்தக் கடை என்று சொல்லாமலே போய்விட்டான் என்றார். கடை கடையாக ஏறி இறங்கி வந்திருக்கிறார். சுவரில் பூவோடு இருந்த படத்தைப் பார்த்து, ஒன்றும் புரியாமல் நின்றார். "இவருக்கு யாருங்க பூ வெச்சது?"

மச்சான் படத்தை இறக்கி, புதுத்தாளில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். அந்த அம்மா போன பிறகு ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. இரண்டு பேரும் டீக்கடைக்குப் போனோம். டம்ளரை வாயில் வைத்தவர் எடுத்துவிட்டார்.

"மாப்ள, சுவிட்ச எறக்குனியா?"

அவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. "நீங்க எறக்குனீங்கன்னு நெனச்சேன்" என்றேன். அவர் முகம் மாறியது. டீயை வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி ஓடினேன். கடைக்குள் இருட்டாக இருந்தது. மிஷினை ஒட்டிப் போகாமல் சுவரோரமாகவே நகர்ந்து போய்த் தடவிப் பார்த்தேன்.

லீவர் கீழேதான் இருந்தது.

திரும்பி வந்து, "எறங்கிதான் இருக்குது மச்சான்" என்றேன். அவர் தலையாட்டினார். நான்தான் இறக்கிவிட்டு மறந்திருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.