மாரியம்மன் படமும் எண்ணெய்த் துணி மூட்டையும்

ரப்பர் மரங்களுக்கு நம்பர் எழுதுகிறவன் மாயாண்டி. மலாய் நாட்டுக் கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் அவன் கை படாத மரமே கிடையாது. ஒன்று, எட்டு என்று எழுதியே ஆயுசு போகிறதே என்று மனுஷனுக்கு ஒரு குமைச்சல். சீமைக்குத் திரும்பிய துரையம்மா விட்டுப்போன சாயக் குழாய்களையும் ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி செல்வநாயகம் கொண்டுவந்து கொடுத்தாரோ இல்லையோ, அவனுக்குத் தலைகால் புரியவில்லை. திருவிழாவுக்குள் மாரியம்மன் படம் எழுதியே தீருவதென்று பலகையைத் தேய்க்க உட்கார்ந்துவிட்டான்.

"பிரஷை டர்பன்டைனிலை அலசிச் சவுக்காரம் போட்டுக் கழுவும். எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டி வையாதையும், விரிச்சுக் காயப்போடும். துரையம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னவ," என்றார் கிராணி. ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

விரிக்க இடம் எங்கே? காட்டில் ஒளிந்த கம்யூனிஸ்ட்டுகளோடு சர்க்கார் சண்டை போடும் அவசரகாலம், கூலிக்காரர் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி. அதில் துணி தொங்கினால் காட்டுக்காரனுக்குச் சைகை காட்டுகிறாய் என்று பிடித்துப்போவார்கள். சரி, தரையில் விரிக்கலாமென்றால் பெண்சாதி முத்தாயி பிடித்துக்கொண்டாள்.

"ஆத்தா முகத்தத் தொடச்ச துணிங்க! கால் படுற எடத்துல போடுவாங்களா? நம்ம குடும்பம் வெளங்குமா?"

அன்று காலை வேலை முடிந்த துணிகளை அவளே இறுக்கச் சுருட்டி இரண்டு மூட்டையாகக் கட்டினாள். ஒன்றை எதிரே கோயில் கொட்டகை மூலையில் வைத்தாள். இன்னொன்றை வீட்டு ஆணியில் மாட்டினாள்.

சற்று நேரத்தில், பெரிய பாதையில் தோட்டத்து லோரியைக் காட்டுக்காரர்கள் சுட்டுவிட்டார்கள் என்று சேதி வந்தது. யாரும் வாசல் தாண்டக்கூடாது, தாண்டினால் சுடுவோம் என்று போலீஸ் உத்தரவு. கதவை ஒருக்களித்துக்கொண்டு மாயாண்டி வெளியே பார்த்தபடி இருந்தான். மத்தியானம் கோயில் கொட்டகையிலிருந்து புகை வந்தது.

அத்தாப்பு ஓலைக் கூரை, பற்றினால் நிமிஷத்தில் சாம்பல். டர்பன்டைன் வாடை அடிக்கிறவனை விட்டு வேறு யாரைப் பிடிப்பார்கள்? தீ வைத்தவன் என்று பெயர் வந்துவிட்டால் வழக்காவது வாய்தாவாவது, நேரே கப்பல்தான். பக்கத்து லயத்து ஆறுமுகத்தை அப்படித்தான் பெண்டாட்டி பிள்ளையிடமிருந்து பிரித்து இந்தியாவுக்கு ஏற்றினார்கள். முத்தாயி வேறு வாயும் வயிறுமாக இருந்தாள்.

"போகாதீங்க, சுட்டுப்புடுவானுங்க!"

"போகலன்னாலும் சாவுதானேடி!"

இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். "ஆப்பி, துவான்! ஆப்பி!" என்று புகையைக் காட்டி, தீ தீயென மலாயில் கத்தினான். காவலுக்கு நின்ற மலாய்க்காரர் துப்பாக்கியை நீட்டியவர், புகையைக் கண்டதும் தாழ்த்தினார். மாயாண்டி ஓடிப்போய் மூட்டையை வெளியே இழுத்து வாளித் தண்ணீரில் அமுக்கினான்.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தார். மொழிபெயர்க்கக் கிராணியைக் கூப்பிட்டார்கள். யார் சொல்லித் தீ வைத்தாய், தீக்குச்சி எங்கே என்று அதட்டல்.

"தானா பொகஞ்சதுங்க தொர. ஆத்தா மேல சத்தியமா!"

துணி தானாகப் புகையுமா என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். கிராணி கேட்டதை மட்டும் மொழிபெயர்த்தார், கூட ஒரு வார்த்தை இல்லை. டர்பன்டைனைக் கொடுத்தவரே அவர்தானே; அவருக்கும் இருப்பது ஒரு கழுத்துதான். கைவிலங்கு வெளியே வந்தது.

அப்போது முத்தாயி ஓடிவந்தாள். ஒரு கை வயிற்றில், மறு கையில் ஆணியில் மாட்டியிருந்த மூட்டை.

"கட்டுனது நானுங்க! அவருக்கு ஒண்ணுந் தெரியாது. இந்தா பாருங்க, இதே மாதிரிதான் அதையும் கட்டுனேன்!"

இன்ஸ்பெக்டர் கையில் அதைத் திணித்தாள். வீசியெறியப் போனவர் சூடு உறைத்து நின்றார். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். முடிச்சைப் பிரித்ததும் நடுவிலிருந்து மெல்லப் புகை கிளம்பியது. கையை உதறிக்கொண்டு துணியைக் கீழே போட்டார். கைவிலங்கு உள்ளே போனது. எண்ணெயையும் டர்பன்டைனையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் மாயாண்டி உட்கார்ந்து ஓவென்று அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உள்ள சூடா இருக்குன்னு தெரிஞ்சுதானே எடுத்தாந்தே? கெட்டிக்காரிடி நீ," என்றான்.

"எனக்கென்னங்க தெரியும்? கட்டுனது நான்னு காட்டுனா, ஒங்கள விட்டுட்டு என்னையக் கொண்டுபோவானுங்கன்னு பாத்தேன்."