முக்காடிட்ட கிரேக்கப் பெண்

1980ஆம் ஆண்டு. கல்முனைப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புப் பெண் பிள்ளைகள் ஒன்பது பேருக்குச் சுபைறா ரீச்சர் கிரேக்க உரோம நாகரிகம் படிப்பித்தாள். பாடநூல் ஒன்றே ஒன்றுதான். அதில் 'சுடுமண் பாவை' என்று கீழே எழுதியிருந்த படம் மை அப்பி, அடிப்பிடித்த சட்டி போல இருந்தது.

"இது என்ன ரீச்சர், கரடியா?"

வகுப்பே சிரித்தது. சுபைறாவுக்கு எரிச்சல்தான் வந்தது. நல்ல படம் கேட்டுக் கொழும்பிலுள்ள கல்வித் திணைக்களத்துக்கு இரண்டு கடிதம் போட்டாள். முதலாவதற்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்கு, உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம் என்று சிங்களத்தில் ஒரு வரி வந்தது.

கடைசியில் கிரேக்கக் கப்பலில் வேலை செய்த அவளுடைய கணவன் மீராசாதான் ஒரு தபாலட்டை அனுப்பினான். இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்திய மண் பாவை. தலையை மூடிப் போர்த்த ஆடை, கையில் விசிறி.

"கலியாண ஊட்டுக்குப் போற எங்கட மாமி மாதிரியே இரிக்கா!" என்றாள் ஒருத்தி. "இத எப்பிடி ரீச்சர் செஞ்சாங்க?"

'அச்சில் அழுத்திச் செய்யப்பட்டது' என்பதற்கு மேல் புத்தகம் எதுவும் சொல்லவில்லை. சுபைறா தபாலட்டையோடு காரைதீவுப் பக்கம் சட்டி பானை செய்யும் செல்லத்தங்கத்திடம் போனாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

முன்பக்கத்துக்கு ஓர் அச்சு, பின்பக்கத்துக்கு ஓர் அச்சு. இரண்டிலும் மண்ணை அழுத்தி எடுத்த பாதிகளை ஒட்டிச் சூளையில் வைத்தார்கள். வெடித்தது. அடுத்த கிழமையும் வெடித்தது. சுபைறா ஓட்டுத் துண்டுகளை அள்ளி வேலிப்பக்கம் வீசினாள்.

செல்லத்தங்கம் தபாலட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முன்னுக்கு மட்டும் படம் புடிச்சிரிக்கான். முதுகில என்ன கிடந்துதோ ஆருக்குத் தெரியும்? உள்ளுக்கு வெறுமையாக் கிடக்கு புள்ள. ஆவி போக வழி வேணும்."

மூன்றாவது பாவையின் முதுகில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டினாள். அது வெடிக்கவில்லை. சுண்ணாம்பு பூசி, ஆடைக்கு இளஞ்சிவப்பும் விசிறிக்கு நீலமும் தீட்டினார்கள்.

பாவை ஒரு பாடவேளை வகுப்பில் கைமாறியது. மறுநாள் பாடசாலை அதிபர் அபூசாலி கூப்பிட்டார்.

"ரீச்சர், சிலை கொண்டாந்து புள்ளையளுக்குக் காட்டுறீங்களாம். ஊரெல்லாம் கதைக்கிறாங்க."

"பாடத்தில இரிக்கி சேர்."

"படத்தக் காட்டிப் படிப்பியுங்க."

"அந்தப் படத்த நீங்களே பாருங்க சேர்."

அவர் புத்தகத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார், மூடிவைத்தார். "ஊட்ட கொண்டு போங்க ரீச்சர்."

வீட்டு வாசலில் மாமியார் நாச்சியா மறித்தாள். "உருவம் இரிக்கிற ஊட்டுக்கு மலக்குமார் வரமாட்டாங்க மகள். உள்ளுக்குக் கொண்டராதங்க."

வானவர்கள் வரமாட்டார்கள் என்று மாமி சொல்வதைச் சுபைறாவும் நம்பினாள். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. மறுத்துப் பேசவும் முடியவில்லை. பத்திரிகைத் தாளில் சுற்றிய பாவையோடு பஸ் ஏறி, செல்லத்தங்கத்தின் வீட்டிலேயே அதை வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை அங்கே வரச் சொன்னாள். நான்கு பேரைத்தான் வீட்டார் போக விட்டார்கள். அந்த நால்வரும் அச்சு அழுத்தினார்கள், ஓட்டை வெட்டினார்கள், மண் கையோடு பஸ்ஸில் திரும்பினார்கள்.

பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது: சுடுமண் பாவைகள் செய்யப்பட்ட முறையை விளக்குக. நால்வரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். மற்ற ஐவரும் அந்தக் கேள்வியைத் தொடவேயில்லை.

"வர விட்டிருந்தா ஒம்பது பேரும் எழுதியிருப்பாளுகள்" என்று சுபைறா கிழமைக்கணக்காகப் பொருமினாள்.

அடுத்த வருடம் அந்தப் பாடத்தையே நேரசூசியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவளுக்கு ஏழாம் வகுப்புச் சமூகக் கல்வி கிடைத்தது. பாடத்தைத் திரும்பத் தொடங்கும்படி வருடாவருடம் மேலிடத்துக்கு எழுதினாள். 1986இல்தான் பதில் வந்தது: அப்பாடத்தைக் கற்பிக்க உங்கள் பாடசாலையில் ஆசிரியர் இல்லை.

சுபைறா கடிதத்தை அபூசாலியின் மேசையில் விரித்து வைத்தாள்.

"அப்ப நான் ஆர் சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.